சட்டசபையில் நீ எடுத்த நூறு புள்ளி

நூற்றுக்கு நூறு எடுத்த மகனுக்கு,

உன் றிப்போட் கிடைத்தது. போன மாதம் நீ போனில் படம் பிடித்து அனுப்பினாயே, அதைத்தான் சொல்கிறேன். மேலே ஏதோ ஒரு அமைப்பின் பெயர், அதற்குக் கீழே உன் பெயர், உன் தொகுதி, கோட்டும் டையும் போட்ட உன் படம். பக்கத்தில் நூறு. அதற்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஏ பிளஸ். கீழே சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில் ஏழு வரி. அந்த ஏழு வரியையும் நான் வாசிக்கவில்லை. உன் அம்மா முப்பத்தாறு வருடமாக இந்த நாட்டில் இருக்கிறவள், ஆங்கிலமும் பிரெஞ்சும் தேவைக்கு வாசிப்பாள். ஆனால் நூறைக் கண்ட பிறகு எங்கள் சனம் வேறு எதையாவது வாசித்த வரலாறு உண்டா? உடனே கோயில் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். என் மகன் அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் சட்டசபை உறுப்பினர், எல்லோரிலும் முதலாவதாக வந்திருக்கிறான் என்று எழுதினேன். குழு முழுக்கக் கைகூப்பியது. பின்னேரம் கேசரி கிண்டி, மேல்வீட்டு மதுராவுக்கும் ஒரு கிண்ணம் கொண்டுபோனேன். மதுராவை உனக்குத் தெரியும், பக்கத்துத் தெரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறவள். என் போனை வாங்கி அந்த ஏழு வரியையும் பெரிதாக்கி வாசித்தாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அன்ரி, இது என்ன சோதினை எண்டு பாத்தனீங்களோ?" என்று கேட்டாள். "ஏன் பிள்ளை, சட்டசபைச் சோதினைதானே" என்றேன். "இல்லை அன்ரி. கருக்கலைப்புக்கு எதிரான ஒரு அமைப்பு குடுத்த புள்ளி இது. ஏழு வோட்டிலையும் அண்ணை அவை சொன்ன மாதிரியே போட்டிருக்கிறார். அதுக்குத்தான் நூறு." அந்த அமைப்பின் பெயரில் குடும்பம் என்ற சொல் இருந்தது, நான் அதோடு திருப்திப்பட்டுவிட்டேன். நீ எந்தக் கட்சி என்று எனக்குத் தெரியும். தோட்டம் துரவு செய்கிறவர்களின் கட்சி, வரி குறைக்கிற கட்சி என்று சொன்னாய். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாயம் படித்துவிட்டு, தானியக் கம்பனி வேலைக்கு அங்கே போய், கலியாணம் கட்டி, அந்த நாட்டுக் குடிமகனாகி, தேர்தலிலும் வென்றவன். பயிர்பச்சையைப் பற்றித்தான் சபையில் கதைக்கிறாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மதுரா கேசரியை மிச்சம் வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் காலையிலேயே உனக்குப் போன் எடுத்தேன். "அம்மா, இது உங்களுக்கு விளங்காது" என்று தொடங்கி, பிறகு விளங்கும்படியாகவே சொன்னாய். நான் சரியாகப் பிடித்தேனா என்று பார். உங்கள் சபையில் ஒரு வருடத்தில் எத்தனையோ வாக்கெடுப்பு நடக்கும், தண்ணீருக்கு, வீதிக்கு, பள்ளிக்கூடத்துக்கு, மாடுகளுக்கு வருகிற வருத்தத்துக்கு. இந்த அமைப்பு அவற்றில் தனக்கு வேண்டிய ஏழைப் பொறுக்கி எடுக்கும். வாக்கெடுப்புக்கு முன்பே உங்கள் எல்லோருக்கும் கடிதம் வரும், இதற்குப் புள்ளி உண்டு, கவனம் என்று. சொன்னபடி வாக்குப் போட்டால் புள்ளி. எதிர்த்தால் இல்லை. சபைக்கு வராமல் நின்றாலும் இல்லை. சட்டத்தைக் கொண்டுவருகிறவர்களோடு சேர்ந்து உன் பெயரையும் எழுதினால் மேலதிகப் புள்ளி. தேர்தல் வந்ததும் எல்லோருடைய புள்ளியையும் அட்டையில் அடித்து வீட்டுக்கு வீடு தபாலில் போடுவார்கள். குறைந்த புள்ளிக்காரனுக்கு எதிராக அவன் கட்சிக்குள்ளேயே ஒருவனை நிறுத்துவார்கள். "எங்கடை பக்கத்தில எண்பது எண்டாலே பெயில் மாதிரித்தான் அம்மா" என்றாய். மற்றப் பக்கத்து அமைப்பும் இதே வாக்குகளை எடுத்துப் புள்ளி போடுகிறதாம், அவர்களிடம் உனக்குச் சைபராம். அதையும் பெருமையாகத்தான் சொன்னாய்.

நான் சென்ட் லோரன்டில் மருந்துத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் குப்பி பார்த்தவள். ஒவ்வொரு குப்பியையும் கறுப்புப் பலகைக்கு முன்னால் ஒருதரம், வெள்ளைப் பலகைக்கு முன்னால் ஒருதரம் பிடித்து, உள்ளே தூசி கிடக்கிறதா, கண்ணாடி வெடித்திருக்கிறதா என்று பார்ப்பது. அதற்குப் பிறகு மேற்பார்வையாளர் பெட்டிக்குள் கையை விட்டு, மேலே இருந்து சில, நடுவில் சில, அடியில் சில என்று எடுத்துத் திரும்பப் பார்ப்பார். மேலே இருப்பதை மட்டும் எடுத்தால் அது சோதனையே இல்லை என்பார். எந்தக் குப்பியை எடுக்கிறாய் என்பதிலேயே முடிவு இருக்கிறது, மகனே. அதனால்தான் உன்னிடம் கேட்டேன், பிள்ளை பெற்றவளுக்குச் சம்பளத்தோடு லீவு கொடுக்கிற சட்டம் உங்கள் சபைக்கு வந்ததா, நீ என்ன செய்தாய் என்று. "வந்தது. எதிர்த்தனான். அது இந்த லிஸ்டில இல்லை அம்மா" என்றாய். லிஸ்டில் இல்லாததால் அது உன் குணத்திலும் இல்லாமல் போய்விட்டது. மற்றப் பக்கத்துக்காரரின் நூறும் எனக்கு வேண்டாம், பயப்படாதே. ஏழு கேள்வியில் ஆளை அளக்கிற எவனுடைய அட்டையையும் நான் வீட்டுக்குள் எடுக்க மாட்டேன்.

மதுரா அந்தத் தாளை அச்சடித்துத் தந்தாள். மேசையில் வைத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாக வாசித்தேன். மூன்றாவது வரியில் ஒரு திகதி. அது உன் அப்பாவின் அந்தியேட்டி. செத்தவீட்டுக்கு நீ வந்தாய், கொள்ளி வைத்தாய், முப்பத்தோராம் நாள் கிரியை முடித்துவிட்டுத்தான் போவேன் என்று எல்லோருக்கும் சொன்னாய். இருபத்தொன்பதாம் நாள் பெட்டியைக் கட்டினாய். "சபை கூடுது அம்மா, போகாட்டிச் சரிவராது" என்றாய். உன் சித்தப்பாவின் மகன் ரூபன் தர்ப்பை போட்டுக்கொண்டு இருந்தான். வந்த சனம் உன்னைக் கேட்டது. அரசாங்க அலுவல், நாட்டுக்குச் சட்டம் போடுகிறான் என்று நிமிர்ந்து நின்று சொன்னேன். இப்போதுதான் தெரிகிறது, அந்தச் சட்டம் எதிர்த்தவர்களைப் போல இரண்டு மடங்குக்கு மேலான வாக்குகளில் நிறைவேறியிருக்கிறது. நீ வயிற்றோட்டத்தில் படுத்திருந்தாலும் நிறைவேறியிருக்கும். நீ போனது சட்டத்துக்காக இல்லை, புள்ளிக்காக. அதை வாசித்த அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் முயற்சிக்கவும் இல்லை.

இந்தக் கோபத்தோடு நான் இருக்கும்போதுதான் போன ஞாயிற்றுக்கிழமை நீயாகப் போன் எடுத்தாய். "அம்மா, அப்பாவின்ரை ஆட்டைத் திவசத்துக்கு நான் வாறன்." கதிரையை இழுத்து இருந்துவிட்டேன். என் பிள்ளைக்கு உறைத்திருக்கிறது, வருசத் திவசத்துக்காவது வருகிறான் என்று நினைத்தேன். அப்போது நீ சொன்னாய், "அண்டைக்குத்தான் இஞ்சை ஒரு வோட்டும் இருக்கு." என்ன வோட்டு என்று கேட்டேன். சொன்னாய். "ஒரு பொம்பிளையை இதுக்கெண்டு வேறை மாநிலத்துக்குக் காரில ஏத்திக்கொண்டு போனா, ஏத்திக்கொண்டு போறவருக்குத் தண்டனை. புருசனெண்டாலும் தாயெண்டாலும்." உனக்கு அது சரியாகப் படுகிறதா என்று கேட்டேன். "இல்லை அம்மா. எனக்கே பிடிக்கேல்லை. ஆனா எதிர்த்தா புள்ளி போயிடும், அடுத்த தேர்தலோட ஆளைத் தூக்கிப்போடுவினம். குடும்பத்தில திவசம் எண்டு கடிதம் குடுத்தா, வராததுக்குப் புள்ளி வெட்டமாட்டினமாம். போன வருசம் எனக்கு அது தெரியாமப் போச்சு. நூறு அப்பிடியே இருக்கும்."

நான் போனை வைத்துவிட்டேன். லைன் கட்டாகிவிட்டது என்று நீ திரும்ப எடுத்தாய். கட்டாகவில்லை. போன வருடம் புள்ளிக்காக அப்பாவை விட்டுவிட்டுப் போனாய். இந்த வருடம் அதே புள்ளிக்காக அப்பாவிடம் வருகிறாய். உயிரோடு இருந்த காலம் முழுவதும் ஒருநாள் லீவுக்குப் பொய்க் கடிதம் கொடுக்காத மனிசனை, செத்தபிறகு நீ லீவுக் கடிதமாக்கிவிட்டாய்.

ஆனால் இதை உனக்குப் பழக்கியது யார் என்று எனக்குத் தெரியும். உனக்கு ஒன்பது வயது. வகுப்பில் உன் ரீச்சர், இலங்கை இந்தியாவின் ஒரு பகுதி என்று சொல்லிக் கொடுத்திருந்தா. அடுத்த நாள் சோதனை. நீ வந்து கேட்டாய், "அம்மா, அது பிழைதானே? ஆனா ரீச்சர் சொன்னதை எழுதினாத்தான் புள்ளி." நான் ரொட்டி தட்டிக்கொண்டு இருந்தேன், தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னேன், "அப்ப ரீச்சர் சொன்னதையே எழுது." கோப்பை கழுவிக்கொண்டு நின்ற அப்பா திரும்பிப் பார்த்தார். "இஞ்சரும், பிள்ளைக்குப் பொய்யெழுதப் பழக்கிறீரோ?" நான் சொன்னேன், "முதல் புள்ளி வரட்டும். பேந்து உண்மையைக் கதைக்கலாம்." நாங்கள் எந்த நாட்டிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தோமோ, அந்த நாட்டையே இல்லையென்று எழுதிவிட்டு நீ முழுப் புள்ளியோடு வந்தாய். நான் அந்தத் தாளைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். தொண்ணூற்றேழு எடுத்தால் மிச்சம் மூன்று எங்கே என்று கேட்டேன். உன்னைக் கெடுத்தது அமெரிக்கா இல்லை. நான்தான். இன்றைக்கு உனக்கே பிடிக்காத சட்டத்தை எதிர்க்க வாய் வராமல் நீ நிற்கும்போது, எனக்கு ரொட்டி தட்டிய அந்தப் பின்னேரம்தான் தெரிகிறது.

அதனால் பத்திரிகையில் வரப்போகிற இந்தக் கடிதத்தில் நானே சொல்லத் தொடங்குகிறேன். பேந்து கதைக்கலாம் என்று ஒதுக்கி வைத்த உண்மையில் பெரியது ஒன்று என்னிடம் இருக்கிறது. உனக்கு ஐந்து வயதான கோடை காலம். எனக்கு மூன்று கிழமை தள்ளிப் போயிருந்தது. நான் யோசித்தேன், ஒரு முடிவுக்கு வந்தேன், அப்பாவிடம் சொன்னேன். எனக்கு இந்தப் பிள்ளை வேண்டாம் என்றேன். அவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றிய சப்பாத்தைத் திரும்பக் காலில் போட்டார். பிறகு சொன்னார், "உமக்கு வேண்டாமெண்டா வேண்டாம். நான் கார் கேக்கிறன்." பேக்கரியில் அவரோடு வேலை செய்த ஒருவரின் காரை ஒருநாள் இரவல் வாங்கினார். என்னை கிளினிக் வாசலில் இறக்கிவிட்டார். உன்னைப் பார்க்க வேறு ஆள் இல்லை, பின் சீற்றில் நீயும் இருந்தாய். அம்மாவுக்கு டொக்டரிடம் வேலை, நாங்கள் கப்பல் பார்க்கப் போவோம் என்று சொல்லி உன்னை இல்-பிசார்த் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கிருந்து ஆற்றைக் கடந்து லவாலுக்குப் போகிற பாதைப் படகில் உன்னை ஏற்றி, நாலு தரம் போய் நாலு தரம் வந்தார்.

உன் தேர்தல் காணொளியில் நீ சொல்கிற கதை அதுதான், மகனே. குடும்பம் என்றால் என்னவென்று அகதியாய் வந்த என் தகப்பனிடம் படித்தேன், வேலைக்குப் போகாமல் ஒருநாள் முழுக்க என்னைப் படகில் ஏற்றிக்கொண்டு திரிந்தார் என்று கண் கலங்கச் சொல்கிறாய். நீ பொய் சொல்லவில்லை. அவர் அன்றைக்குச் செய்த வேலையில் பாதிதான் உனக்குத் தெரியும். மற்றப் பாதிக்கு உங்கள் சபை தண்டனை எழுதப் பார்க்கிறது.

பின்னேரம் என்னை ஏற்ற வந்தபோது நீ வாயெல்லாம் ஐஸ்கிறீமோடு நித்திரை. "பசிக்குதோ?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். தெப்பனூரில், நாங்கள் மூலைக்கடை என்கிற அதில், ஒரு பெரிய சிப்ஸ் பைக்கற் வாங்கிக்கொண்டு வந்தார். காரை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் அதை முழுக்கச் சாப்பிட்டோம். நான் அழவில்லை. அழுதேன் என்று எழுதினால் வாசிக்கிறவர்களுக்கு ஆறுதலாக இருக்கும், ஆனால் அழவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. செத்துப்போகும் வரை அவர் அதை ஒரு குறையாக, ஒரு கோபத்தில்கூட எடுத்துச் சொன்னது கிடையாது.

ஏன் வேண்டாம் என்றாய் என்று கேட்பாய். நீ கேட்காவிட்டாலும் இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்கள் கேட்பார்கள். அந்தக் காலத்தில் எங்களுக்கு என்னென்ன கஷ்டம் இருந்தது என்று நான் ஒரு பட்டியல் போடலாம். போட மாட்டேன். போட்டால் அதற்கும் புள்ளி போடுவீர்கள். இந்தக் காரணத்துக்கு ஐம்பது, அந்தக் காரணத்துக்கு எழுபது, பாவம், அவளை மன்னிக்கலாம் என்பீர்கள். என்னை யாரும் மன்னிக்க வேண்டாம். கிளினிக்கில் இருந்த பெண், இது உங்கள் சொந்த முடிவா என்று மெதுவான பிரெஞ்சில் ஒரேயொரு கேள்வி கேட்டாள். ஓம் என்றேன். என் வாழ்க்கையில் என்னிடம் பதிலை எதிர்பார்த்துக் கேட்கப்பட்ட கேள்விகள் அதிகம் இல்லை. கலியாணத்துக்குக் கேட்கவில்லை, நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது கேட்கவில்லை. உன்னைப் பெற்றது என் விருப்பம். அடுத்ததைப் பெறாததும் என் விருப்பம். இரண்டையும் ஒரே வயிறுதான் முடிவு செய்தது.

இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் உனக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். முடிந்ததும் சின்னக் குரலில் கேட்டாய், "அம்மா, கோயில்ல சனம் என்ன சொல்லும்?" அதற்குப் பிறகு, "வோட்டு முடியட்டும், பேந்து போடுங்கோ." அந்தப் பேந்து என்ற சொல்லை நான் இனிக் கேட்க மாட்டேன். உன் புள்ளியை ஊருக்கெல்லாம் ஒட்டினார்கள், நானும் பெருமையில் சேர்ந்து ஒட்டினேன். என் பதிலும் ஊரறியத்தான் வரும். கோயிலில் எனக்குப் பின்னால் கதைப்பார்கள்தான். கதைக்கட்டும். முதுகுக்குப் பின்னால் கதைப்பது முதுகுக்கு நோகாது. அவர்களில் என்னைப் போல் வாசலில் இறங்கியவர்களும் இருப்பார்கள், ஏற்றிக்கொண்டு போனவர்களும் இருப்பார்கள். அவர்கள் வாய் திறக்க வேண்டாம். நான் ஒருத்தி திறந்தால் போதும்.

இனி அலுவலுக்கு வருகிறேன். நேற்று ஐயரிடம் போனேன். திவசத்தை நானே செய்யப் போகிறேன் என்றேன். "பொம்பிளையள் செய்யிறேல்லை அம்மா, மகன் இருக்கிறார்தானே" என்றார். மகனுக்கு அன்றைக்கு வேலை இருக்கிறது என்றேன். ரூபனைச் சொன்னார். ரூபனின் தகப்பன் உயிரோடு இருக்கிறார், இது என் புருசன் என்றேன். ஐயர் பஞ்சாங்கத்தைத் திறந்து மூடினார், திரும்பத் திறந்தார். "நான் மாட்டன் எண்டு சொல்லேல்லை. காலமை எட்டு மணிக்கு வாங்கோ" என்றார். எள்ளும் தண்ணீரும் நான் இறைப்பேன், பிண்டம் நான் வைப்பேன். அவரோடு நாற்பது வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு அந்த உரிமை இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கிறது?

ஆகவே நீ வராதே. போன வருடம் நீ போனதற்காக இதை எழுதியவளே இந்த வருடம் வராதே என்கிறாள், விளங்குகிறதா? டிக்கெட் போட்டிருந்தால் ரத்துச் செய். திவசக் கடிதம் கொடுத்திருந்தால் திருப்பி வாங்கு. அப்பாவுக்குப் பின்னால் ஒளிக்க நான் உன்னை விட மாட்டேன். அன்றைக்குச் சபைக்குப் போ, உன் கதிரையில் இரு, உன் பெயரைக் கூப்பிடும்போது ஒரு பெண்ணைக் காரில் ஏற்றிக்கொண்டு போனவன் குற்றவாளி இல்லை என்று வாக்குப் போடு. அட்டையில் வந்த அந்த ஏழிலும் நீயும் நானும் ஒத்துப்போக மாட்டோம், அதற்கு இன்னும் சண்டை பிடிப்போம், எனக்கு உடம்பில் தெம்பு இருக்கிறது. ஆனால் இந்த ஒன்றில் உனக்கே உண்மை தெரியும். தெரிந்ததை எழுது. புள்ளியை வெட்டுவார்கள், அட்டை அடிப்பார்கள், உன் கதிரையும் போகலாம். போகட்டும். உனக்கு மண் தெரியும், தானியம் தெரியும், பட்டினி கிடக்க மாட்டாய்.

வாக்கெடுப்பு முடிந்த அன்றைக்கே கிடைக்கிற பிளேனில் ஏறு. ஒருநாள் பிந்தினாலும் திவசச் சாப்பாட்டில் உனக்கு ஒரு பங்கு எடுத்து வைத்திருப்பேன். இதுவரை உன்னிடம் நான் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அந்தச் சோதினையில் பெயில் விட்டுவிட்டு வா.

அம்மா